டெஸ் டெபட் அரையடி ஆழம் போன வயல்

கார்பி நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொக்லைன் ஓட்டும் டெஸ் டெபட்டுக்கு ஒரே ஒரு பெருமைதான். பல்லில்லாத வாளியால் மண்ணை வெண்ணெய் மாதிரி வழித்தெடுப்பார். பாதி வாழ்க்கையைச் சாக்கடைக்கும் அஸ்திவாரத்துக்கும் தோண்டியே கழித்தவரை, அந்தக் கைக்காகத்தான் அகழாய்வுக்காரர்கள் கூப்பிட்டார்கள். வந்தவர் பிறகு வேறு வேலைக்கே போகவில்லை. செத்துப்போனவர்கள் குப்பைமேல் இத்தனை ஆசையா என்று மனைவி நோரீன் கேலி செய்வாள்.

அந்த ஈர மார்ச்சில், புது வீடுகள் வரப்போகும் ஒரு வயலில் மேல்மண் எடுத்துக்கொண்டிருந்தார். ரோமானியர் காலத்தில் அங்கே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்தக் கழிவு, கறுப்புக் கிட்டமாக வயலெங்கும் கிடந்தது. பின்னால் வந்த சாக்சன் குடிகள் அதன்மேலேயே வீடு போட்டிருக்கலாம் என்று பொறுப்பாளர் ஹேசல் நம்பினாள். மரவீடு மக்கிப்போனால் மண்ணில் ஒரு கறைதான் மிஞ்சும். அதனால் கிட்டத்தின் தலை தெரிந்ததுமே நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

வாளி ஒரு கிட்டக் கட்டியில் வழுக்கி, ஒரே இழுப்பில் அரையடி கூடுதலாக வாரிவிட்டது. வாரிய மண்ணில் சாக்சன் பானை ஓடுகள் உடைந்து கிடந்தன. டெஸ் வாளியை அப்படியே நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு நேரே ஹேசலிடம் போனார்.

"ஆழமா போயிட்டேன், ஹேசல். அங்க ஏதோ இருந்துச்சு. வாரிட்டேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, எல்லோரையும் கரண்டியோடு உட்கார வைத்தாள்.

அன்றும் மறுநாளும் டெஸ் வண்டிக்குள்ளேயே கிடந்தார். பிஸ்கட் டப்பா சுற்றி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாக்கடையைக் கெடுத்தால் மறுபடி வெட்டலாம், இதை யார் திருப்பிக் கட்டுவது? அந்தச் சாக்சன் வீடு போயிருந்தால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் மாலையில் ஹேசல் கையசைத்தாள். கறுப்புக் கிட்டத்துக்கு நடுவே செவ்வகமாக ஒரு பழுப்புக் கறை. இரு முனையிலும் தூண் நட்ட குழிகள். நடுவில், தறிநூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட மண் வளையங்கள், விழுந்த வரிசை கலையாமல்.

"மேல அரையடி போனது போனதுதான், டெஸ். அதை எழுதத்தான் போறேன்," என்றாள் ஹேசல். "ஆனா இந்த சாக்சன் ஆளுங்க கிட்டத்தையே வெட்டிக் குழியா இறக்கித்தான் வீடு போட்டிருக்காங்க. நீங்க வீட்டுத் தரைவரைக்கும் போகவே இல்ல."

"அப்ப வீடு?"

"பத்திரமா இருக்கு. ஆயிரம் வருஷம் முன்னாடியே கூரை போனதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்."

டெஸ் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போன உயிர் திரும்பி வந்ததில் கால்சட்டை நனைவதுகூடத் தெரியவில்லை.

இரண்டு நாளாகத் தட்டைத் தள்ளிவைத்த மனிதர் அன்றிரவு அள்ளி அள்ளித் தின்பதை நோரீன் பார்த்தாள்.

"அப்படி என்னத்த கிழிச்ச இன்னிக்கு?"

"நெசவு நெய்ற பொம்பள ஒருத்தி வீட்டை இடிக்காம விட்டிருக்கேன்," என்றார் டெஸ், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு.