டூட்டிப்பூ

ஜைத்தூன் அக்கா இறந்த செய்தி போனில்தான் வந்தது. வேறு எதில் வரும்? இருபது வருடத்துக்கு மேல் ஊரார் நல்லது கெட்டதுக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்த மனுஷி. "அக்கா மௌத்தாயிட்டாங்கம்மா. அஸர் தொழுகை முடிஞ்சு எடுக்குறோம், வந்துருங்க" என்றார் அவருடைய தம்பி. "லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரு காலத்தில் சாவுச் செய்தி கேட்டு எதிர்முனையில் யாராவது பேசாமல் நின்றால், "பேசுங்க, பேசுங்க, மூணு நிமிஷம் ஆகப்போவுது" என்று விரட்டியவள் நான். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். அக்கா ஒருநாளும் யாரையும் அப்படி விரட்டியதில்லை.

டெலிபோன் ஆபீஸில் எங்களோடு டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் குன்னூரிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு பெரம்பலூர் வந்தார். சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. வந்த முதல் நாள் ஒரு காகிதப் பொட்டலத்தை என் முன்னால் பிரித்தார். பாக்குத்தூள் என்று நினைத்து ஒரு சிட்டிகை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். "அடி பாவி, அது விதை!" என்று கையைத் தட்டிவிட்டார். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

குன்னூரில் அவருக்குப் பெரும்பாலும் சாயங்கால ஷிப்ட். ஆபீஸ் வாசல்வரை கணவர் துணைக்கு வருவாராம். பாதையோர மேட்டில் ஒரு காட்டுச்செடி. அக்கா உள்ளே போகிற நேரத்துக்குத்தான் அதன் மொக்கு கண்ணெதிரிலேயே பிரிந்து மஞ்சளாக விரியுமாம். இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவரவர் வழிக்குப் போவார்கள். "உனக்கு முன்னாடி அது டூட்டில ஜாயின் பண்ணிருச்சு பாரு" என்று அவர் கேலி செய்வாராம். கல்யாணமாகி நான்காம் வருடமே மாரடைப்பில் போய்விட்டார். "அதுக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது தமிழு. எங்களுக்கு அது டூட்டிப்பூ" என்றார் அக்கா. மஞ்சள், நாலு இதழ், சாயங்காலம் பூக்கும். அந்தப் பூவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மலைச்செடி பெரம்பலூர் வெயிலுக்குத் தாங்குமா? வருடா வருடம் அந்தப் பொட்டலத்து விதையில் ஒரு சிட்டிகை போடுவார், முளைக்கும், வாடும். ஒரு வருடம் எங்களுக்கு ஒரு யோசனை. மெஷின் ரூமில் மட்டும்தான் ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அத்தனை சுத்தம் பார்க்கிற இடம். அங்கே தொட்டியைக் கொண்டுபோய் ஒளித்து வைத்தோம். பத்து நாள் கழித்து அதிகாரி கண்ணில் பட்டுவிட்டது. "இது ஆபீஸா, நர்சரியா?" என்று கத்தினார். அக்கா அசரவில்லை. "சார், மெஷினுக்கே வேர்க்குதுன்னு ஏசி போட்டிருக்கீங்க. இது உசுரு சார்" என்றார். தொட்டி வெளியே வந்தது. வெளிச்சம் படாமல் வெளுத்துப்போயிருந்த செடி இரண்டே நாளில் செத்தது. அன்று மட்டும் அக்கா போர்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகவும் வரவும் என்று ஆனது. பொட்டலத்தில் மிச்சமிருந்த கடைசி விதையைப் போட்டு, முளைத்த ஒற்றைச் செடியை என் வீட்டில் விட்டுவிட்டு ஊரில் தம்பி வீட்டுக்குப் போனார். "ஒரே ஒரு தடவ பூத்துட்டாப் போதும் தமிழு. பாத்துட்டுப் போயிருவேன்" என்றார். "ஏன்க்கா இப்படிப் பேசுறீங்க" என்று சண்டை போட்டேன். சண்டை போடத் தெரிந்த எனக்குக் காவல் காக்கத் தெரியவில்லை. பொங்கலுக்கு ரஞ்சன்குடியில் அம்மா வீட்டுக்குப் போனவள் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஆடு மேய்ந்து, தொட்டியில் வெறும் மண்தான் கிடந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் ஏரி வாய்க்கால் பக்கம் போனபோது ஈரத்தில் ஒரு செடி நின்றது. மஞ்சள் பூ, நாலு இதழ். காட்டுக்கிராம்பு என்பார்கள், மாடுகூடச் சீண்டாது. வேரோடு பிடுங்கித் தொட்டியில் வைத்தேன். பூத்திருந்ததைக் கிள்ளிப்போட்டுவிட்டு, மொக்குகளை மட்டும் விட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு லப்பைக்குடிக்காடு போனேன். அக்கா செடியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா வளத்துட்டே" என்றார்.

அடுத்த வாரம் போனபோது வாசலிலேயே அவருடைய தம்பி, "பூத்துருச்சும்மா, காலையில எட்டு மணிக்கே!" என்றார். இந்தப் பாழாய்ப்போன செடி காலையில் பூக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் முடி இல்லை, துப்பட்டி போட்டிருந்தார். "ஊரு மாறுனா ஷிப்டும் மாறத்தானே செய்யும்? இதுக்கு மார்னிங் டூட்டி போட்டுட்டாங்க போல" என்று சிரித்தார். அப்பாடா, நம்பிவிட்டார் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி நான்!

அக்காவை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு, பெண்கள் மட்டும் இருந்த வீட்டில் அந்தத் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கபரஸ்தானிலிருந்து திரும்பிய தம்பி, "இத உங்க கையில குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு மடித்த தாளைக் கொடுத்தார். கால் விவரம் எழுத நாங்கள் வைத்திருந்த பழைய டிரங்க் கால் டிக்கெட். அக்காவின் குண்டுக் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. கூப்பிட்ட ஊர்: பெரம்பலூர் ஏரி வாய்க்கால். கூப்பிட்டவர்: தமிழு. பேச வேண்டியவர்: ஜைத்தூன் பீவி. கீழே, குறிப்பு என்ற இடத்தில்: லைன் கிடைத்தது. கிளியராகக் கேட்டது.

தாளுக்குள் பொடிப்பொடியாகக் கொஞ்சம் விதை இருந்தது. தொட்டிச்செடியின் காயிலிருந்து எடுத்தது.

முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. வருடக்கணக்கில் நின்று பார்த்த பூவின் இலை தெரியாமலா போகும்? வாய்க்கால் ஓரத்துக் காட்டுக்கிராம்பை எங்கள் பக்கம் பார்க்காதவர் யார்? செடி என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் இடம் கொடுக்காமல் போய்விட்டார்.

அந்த டிக்கெட் என் பர்ஸில் இருக்கிறது. விதை என் வாசலில் செடியாகியிருக்கிறது. காலையில் பூக்கிறது, மத்தியானத்துக்குள் இதழ் உதிர்ந்துவிடுகிறது. நான் தண்ணீர் ஊற்றுவது சாயங்காலம் ஆறு மணிக்கு. கேட்டைச் சாத்திவிட்டு, பூவில்லாத அந்தச் செடி முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.