பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு துபாய்

பக்கத்து அறையில் யாராவது இருமினால் இன்றும் என் விரல்கள் தாமாகவே மேசையைத் தட்ட ஆரம்பித்துவிடும். இதைக் கவனித்த என் மருமகள், அத்தைக்கு நரம்புத் தளர்ச்சி என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எண்பதுகளில், தருமபுரியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரே கூடம், நடுவில் பலகைத் தடுப்பு. முன்பக்கம் மேனேஜரும் நானும், எதிரே பெஞ்சில் காத்திருப்பவர்களும். பின்பக்கம் பழைய காகிதக் கட்டுகள், ஒரு பாய். மேனேஜர் என்றால் கீழே நாலு பேராவது இருக்க வேண்டும். எங்கள் மேனேஜருக்கு நான் ஒருத்திதான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெருங்கினால் சென்ட் வாசனை, வாயில் ‘இல்லை’ என்ற சொல்லே வராது. விசா வந்ததா என்று யார் கேட்டாலும் “பேப்பர் மூவ் ஆகிட்டு இருக்குதுங்க” என்பார். நான் இண்டூரிலிருந்து பஸ்ஸேறி வந்து சேர்வதற்குள் பெஞ்ச் நிறைந்திருக்கும். கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், கிணறு வற்றியதால் டிரைவராகிவிட்ட விவசாயிகள். பம்பாய் அலுவலகத்திலிருந்து டிரங்க் கால் வந்தால் அத்தனை கண்ணும் மேனேஜர் முகத்தில்தான் இருக்கும். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். பம்பாய்க்காரர்கள் சொன்னதை நம்பினார், நம்பியதைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொன்னார்.

எங்கள் பக்கம் வெளிநாடு கிளம்புவது அந்தக் காலத்தில் ஒரு கல்யாணம் மாதிரி. முனியப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பமென்றால் மாதா கோயிலில் பூசை வைப்போம். பிறகு மாலை போட்டு, ஊரே மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்து ரயிலேற்றிவிடும். சிக்கல் என்னவென்றால் அந்தப் பயணம் முதலில் பம்பாய் வரைக்கும்தான். அங்கே விசா கைக்கு வந்தால்தான் துபாய். வராமல் திரும்பியவனுக்கு ஊர் ‘பம்பாய் ஷேக்’ என்று பெயர் வைத்துவிடும். அவன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினாலும் ஷேக்கு மகன்தான்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் அப்படி மாலையும் மரியாதையுமாகப் போய், விசா தள்ளிப்போய்விட்டது என்று பம்பாயில் கைவிரித்ததும் திரும்பி வந்தார். வந்தவர் ஊருக்குப் போகவில்லை. காலையில் நான் போனபோது எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். “எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வூட்டுக்குப் போறதுங்க?” என்று மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து நாளில் விசா வந்துவிடும், அதுவரை உள்ளே இருங்கள் என்றார் மேனேஜர். இரக்கமும் இருந்தது, திரும்பி வந்த ஆள் கண்ணில் பட்டால் பெஞ்ச் காலியாகிவிடும் என்ற பயமும் இருந்தது. எது அதிகம் என்று நான் கேட்டதில்லை.

பத்து நாள் என்றது வாரக்கணக்கில் நீண்டது. பகலெல்லாம் கொத்தனார் பாயில் அசையாமல் கிடப்பார், இருட்டிய பிறகுதான் கீழே இறங்குவார். கீழ்க்கடை மருந்து நெடியில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பெஞ்சிலோ அவருடைய ஊர்க்காரர்களே இருப்பார்கள். அவர் துபாயில் சம்பாதிக்கிற கதையை அவர்கள் எங்களிடமே சொல்லிப் பெருமைப்படுவார்கள். தடுப்புக்குப் பின்னால் தொண்டை கமறும் சத்தம் கேட்டால் போதும், டைப் மெஷினைப் படபடவென்று அடிப்பேன். தாளில் என்ன விழுகிறதென்று பார்ப்பதில்லை. டைப்பிஸ்டம்மாவுக்கு என்ன வேகம் என்று பெஞ்சில் மெச்சுவார்கள், எனக்கு முதுகில் வேர்வை ஓடும். வேலையை விட்டுவிடலாம் என்று தினமும் பஸ்ஸில் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முற்பகலில் கொத்தனாரின் தம்பி படியேறி வந்தார். மொரப்பூரில் வழியனுப்ப நாங்களும் போயிருந்தபோது கூட்டத்தில் பார்த்த முகம்தான். காலில் செருப்பில்லை. ஆத்தா நினைவு தப்பித் தப்பிக் கிடக்கிறது, தெளியும்போதெல்லாம் பெரியவனைத்தான் கேட்கிறது, இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், துபாய்க்குத் தந்தி அடிக்க வேண்டும். இவ்வளவையும் அவர் உரக்கவே சொன்னார். தடுப்புக்குப் பின்னால் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கும். நான் விரல்களை மெஷின்மேல் வைத்தபடி காத்திருந்தேன். இருமல் வரவில்லை. வந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என்ன வாசகம் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே மேனேஜர் தாளை எடுத்தார்.

“ஆத்தா உன்னியத்தான் கேக்குதுன்னு போடுங்க. வர முடியாதுன்னு தெரியுதுங்க, கடலத் தாண்டி இருக்கறவன் என்ன பண்ணுவான்? சேதி தெரிஞ்சா சரி.”

மேனேஜர் பேனாவைத் திறந்தார். இரண்டு எழுத்து எழுதியிருப்பார், நின்றுவிட்டார். பெஞ்சைப் பார்த்தார். எழுதி முடித்துவிட்டால் அவர் பிழைத்துக்கொள்வார், பெஞ்சும் அப்படியே இருக்கும், அந்தத் தாய் மட்டும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் மகனைப் பார்க்காமலே போய்ச் சேர்வாள். எழுதத்தான் போகிறார் இந்த மனுஷர்.

அவர் எழுந்து போய்த் தடுப்பின் கதவைத் திறந்தார்.

“வெளிய வாங்க கொத்தனாரே. பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸு இப்ப இருக்குது. ஓடுங்க.”

அழுகைச் சத்தம் வெளியே வராமலிருக்கத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார் கொத்தனார். அப்படியே வந்து நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தம்பி நேரே அண்ணனிடம் போனார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “இங்கயாண்ணா இருந்த?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அண்ணன் கையைப் பிடித்துப் படியிறங்கினார்.

அதன் பிறகு பெஞ்ச் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மேனேஜர் நின்றபடியே பதில் சொன்னார். விசா இல்லைங்க, எப்போது வரும் என்று எனக்கே தெரியாதுங்க என்றார். பாஸ்போர்ட்டுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். ஏஜென்சி அதோடு படுத்துவிட்டது, நான் ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று என் மகன் தன் விசா எந்த மட்டில் இருக்கிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறான். அந்த மேனேஜரைப் போல ஒரு மனுஷர் நடுவில் நின்று வேகவேண்டியதில்லை. அவருக்கு ஒரு கும்பிடு போடாமல் வந்துவிட்டேனே என்று பல நாள் வருந்தியிருக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கொத்தனாரின் தம்பியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர்தான் மிச்சத்தைச் சொன்னார். பெஞ்சில் இருந்த ஊர்க்காரர்களும் அதே பஸ்ஸில்தான் வந்தார்களாம். அதனால் வீட்டு வாசலுக்குப் போவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கூட்டம் விலகி வழிவிட, கொத்தனார் தலை நிமிராமலே உள்ளே போனாராம். தாய்க்கு அப்போது நினைவு தெளிந்திருந்தது. மகன் முகத்தைத் தடவிப் பார்த்து, அவ்வளவு தூரத்திலிருந்து எப்படியடா அதற்குள் வந்தாய் என்று கேட்டாளாம். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்தான் குனிந்து அவள் காதோரம் சொன்னாராம்:

“ஏரோப்ளேன்லதான் ஆத்தா. உன்னியப் பாக்கறதுக்குன்னே ஏறி வந்துக்கறான்.”