செல்ஃபி எடுக்கும் மெஷின்

போன காணும் பொங்கலன்று ஒரகடம் பக்கம் புதிதாகத் திறந்த ஏரிக்கரைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். என் வீட்டுக்காரர் பத்து வருஷம் வேலை பார்த்த கம்பெனி இருந்த இடம் அது. கம்பெனியை மூடி, ஷெட்டை இடித்து, நடைபாதையும் புல்தரையும் போட்டு அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். கட்டுச்சோற்றைப் பிரிக்க நிழல் தேடும்போதுதான் அதைப் பார்த்தோம்.

தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் 'செல்ஃபி பாயிண்ட்' என்று பலகை. ஜனங்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரின் வலது கையில் இரண்டு விரலை வாங்கியது அந்த மெஷின்தான்.

அவர் கிட்டே போய்த் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பட்டனும் எவ்ளோ ஜோரா கீது பாரு" என்றார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்குமாம். கை உள்ளே போகாமலிருக்க அப்படி ஏற்பாடாம்.

"அப்புறம் எப்படி உங்க கை மாட்டிச்சு?"

"புரொடக்‌ஷன் ஏறணும்னு சூப்பர்வைசர் ஒரு பட்டன அமுக்கி டேப் சுத்தி வுட்டுட்டான். எல்லாரும் அப்படித்தான் ஓட்டிகினு இருந்தோம்."

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று கம்பெனி எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான். அதன்பிறகு வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தாலும், "கவனம் இருந்தா விரல் போயிருக்குமா?" என்று குத்திக்காட்டியவளும் நான்தான்.

"இத ஏன் அப்பவே சொல்லல?" என்று கத்தினேன்.

"நீ எங்க இன்னா ஆச்சுன்னு கேட்ட? கண்ணு எங்க போச்சுன்னுதான கேட்ட" என்றார்.

அதற்குள் செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டு வந்து, "மெஷினத் தொடாதீங்க, ஓரமா போங்க, போட்டோ எடுக்கறாங்க" என்று விரட்டினார். எனக்கு வந்ததே கோபம்! வீட்டுக்காரரின் கையைத் தூக்கிக் காட்டி, "மொதல்ல இந்தக் கையப் பாத்துட்டு அப்புறம் வெரட்டுங்க" என்றேன். பாவம், அந்த செக்யூரிட்டி என்ன செய்வார்? டேப் சுத்தியவன் இப்போது எந்தக் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறானோ!

இத்தனை செலவு செய்து பூங்கா கட்டியவர்களுக்கு, அங்கே கைவிரல் இழந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே என்று இன்னமும் வயிறு எரிகிறது. ஆனால் கம்பெனித் தாளை நம்பிவிட்டு, கட்டிய புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேனே, அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?