குஞ்சுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பைக் பழகினேன்

போன வருடம் கார்த்திகை மாதம். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு சைட்டில் நடந்தது இது. சைட் என்றால், மனை பிரித்துத் தார் ரோடு போட்டு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, ஒரு வீடுகூட எழும்பாமல் கிடக்கும் இடம். காலை பத்தரை மணி இருக்கும். அன்றைக்குக் கேட்ட சத்தமும், அது நின்ற பிறகு பார்த்ததும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால்தான் நான் செய்த வேலை விளங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பன்னிரண்டு வயதில் லாரி கிளீனர், இருபதில் டிரைவர். அசாமுக்கும் போயிருக்கிறேன், குஜராத்துக்கும் போயிருக்கிறேன். பிறகு போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு மாறி, இன்றைக்குச் சொந்தமாக இரண்டு ரிக் நிறுத்தியிருக்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் படித்த இன்ஜினியர் கைவிட்ட இடத்தில் எண்ணூறு அடி இறக்கித் தண்ணீர் காட்டியவன். எதையும் யாரையும் கேட்டுச் செய்ததில்லை. அதனால்தான் முன்னுக்கு வந்தேன் என்று கல்யாண வீடு, காது குத்து எல்லாவற்றிலும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இத்தனை தெரிந்த எனக்குப் பைக் ஓட்டத் தெரியாது. லாரியிலிருந்து இறங்கி நேராகக் காரில் ஏறியவன், நடுவில் பைக்குக்கு நேரமே வரவில்லை. இது வெளியே தெரியாமல் அறுபத்தோரு வயது வரை ஓட்டிவிட்டேன். ஒருநாள் டீக்கடையில், என் கூடவே கிளீனராக இருந்த ஒருவர் பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டார். “ஏனுங்க, பதினாறு சக்கரத்த ஓட்டுனவருக்கு ரெண்டு சக்கரம் நிக்காதாக்கும்?”

அந்த வாரமே பைக் வாங்கினேன். பழகுநர் லைசென்ஸும் எடுத்தேன். ஓட்டத் தெரிவதற்கு முன்னாலேயே எங்கள் ரிக் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, லாரிக்கு வைப்பதுபோல இரட்டை ஏர் ஹாரன் மாட்டச் சொன்னேன். அதெல்லாம் பைக்கில் வைக்கக் கூடாது என்று அவன் சொன்னான். நான் வருவது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டு மாட்ட வைத்தேன். பழகுநர் என்று காட்டும் சிவப்பு ‘எல்’ எழுத்தை மட்டும் ஒட்டவில்லை.

பழக இடம் தேடியதுதான் பெரிய பாடு. சொல்லித் தர என் மனைவியின் தம்பி ஒத்துக்கொண்டான். அவனுக்கும் ஐம்பது வயது ஆகிறது, முப்பது வருடமாகப் பைக்கிலேயே பிழைப்பவன். சந்தைப்பேட்டை மைதானம் வாரத்தில் ஆறு நாள் சும்மாதான் கிடக்கிறது என்றான். அங்கே டீக்கடை இருக்கிறது, வேண்டாம் என்றேன். ஏரிக்குள் போகலாம் என்றான். ஆடு மேய்க்கிறவர்களெல்லாம் தெரிந்தவர்கள், வேண்டாம் என்றேன். நான் தேடியது யாருக்கும் தொந்தரவு இல்லாத இடத்தை அல்ல. யாரும் என்னைப் பார்க்காத இடத்தை.

கடைசியில்தான் அந்த சைட். அதன் கடைசி ரோட்டை ஒட்டி இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நீளமான கோழிக் கொட்டகை, கம்பி வலை, சாக்குப் படுதா. வீடு அதற்கும் அப்பால்.

“மாமா, அந்தக் கடேசி ரோட்டுப் பக்கம் போவேண்டாங்க. பண்ணை இருக்குது.”

“இருந்துட்டுப் போகுது மாப்ளே. நான் உழுந்தா கோழி போயி டீக்கடையில சொல்லவா போகுது?”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் அந்த வீட்டுப் பெண் சுவரோரம் வந்து நின்று கையைக் காட்டினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். “அண்ணா, சித்த அக்கட்டால ஓட்டுங்ளேன். குஞ்சு எறக்கியிருக்கறமுங்க” என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் குரலை வைத்து யாரென்று கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம். ஹெல்மெட்டே நான் முகத்தை மறைக்கத்தான் போட்டிருந்தேன். மறுநாள் அவள் சொன்னதை மறந்தே போனேன்.

மூன்றாம் நாள்தான் அது. மச்சான் நுழைவாயில் பக்கம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். நான் இரண்டாவது கியர் போட்டு, நேராகப் போய், கடைசி ரோட்டில் திரும்பினேன். திரும்பும்போது பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டேன். வண்டி பாய்ந்தது. சுவரோரத்தில் இருந்த மனைக்கல்லில் இடித்து இடது பக்கமாகச் சாய்ந்தது. கால் அடியில் மாட்டிக்கொண்டது. கைப்பிடி கல்லின் மேல் விழுந்து, ஹாரன் பொத்தான் அமுங்கிக்கொண்டது.

ஆசையாக மாட்டிய அந்த ஹாரன் அலற ஆரம்பித்தது. காலை உருவ முடியவில்லை. சாவி எட்டவில்லை. லாரியில் நானே ஆயிரம் தடவை அடித்த ஹாரன்தான், ஆனால் காதுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் அது எப்படிப்பட்ட சத்தம் என்று தெரிந்தது. மச்சான் ஓடிவந்து சாவியைத் திருப்பும்வரை விடாமல் அலறியது. ஒரு நிமிடம் இருந்திருக்கும். அவன் வண்டியைக் கொஞ்சம் தூக்க, காலை உருவிக்கொண்டு எழுந்தேன்.

நின்றதும் காது அடைத்துக்கொண்டது. பிறகு கொட்டகைக்குள்ளிருந்து சரசரவென்று, தகரத்தில் கல்மழை பெய்வது போல ஒரு சத்தம் வந்தது. அது ஒரே மூலையை நோக்கிப் போவது காதிலேயே தெரிந்தது. அப்புறம், மூடிய பானைக்குள் கத்துவது போல அமுங்கின கீச்சுக் குரல்.

மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தான். “மாமா, குஞ்சு பயந்து ஒன்னு மேல ஒன்னு குமியுது. அடியில மாட்டுனது மூச்சு முட்டிச் செத்துரும். வாங்க, போயிர்லாம். யாரும் பாக்கல.”

பொய் சொல்ல விரும்பவில்லை. நான் முதலில் திரும்பிப் பார்த்தது வெளியே போகும் ரோட்டைத்தான்.

அப்போது அந்தப் பெண் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். செருப்பு இல்லை, கையெல்லாம் சோப்பு நுரை. அவள் ஓடிவந்த வேகத்துக்குக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவாள் என்றுதான் நினைத்தேன். கதவுக்கு முன்னால் சட்டென்று நின்றாள். மூச்சு வாங்குகிறது. விரலை மடித்துத் தகரக் கதவை மெதுவாக மூன்று தட்டுத் தட்டினாள். “சாமி... ஒன்னுமில்ல சாமி. நாந்தான் வாரேன்” என்று தூங்குகிற குழந்தையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தாள்.

உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, இவள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். ரோட்டைப் பார்த்த கண்ணை என்னால் மறுபடி அந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. சுவரைத் தாண்டிக் குதித்தேன்.

“ஓடியாராதீங்க!” அடிக்குரலில் அதட்டினாள். “செருப்பக் கழட்டுங்க. தலையில இருக்கறதையும் கழட்டுங்க. கம்முனு மெல்ல வாங்க.”

இரண்டு ரிக்கில் வேலை செய்கிற அத்தனை பேரையும் அதட்டுகிறவன் நான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனை மாதிரி உள்ளே போனேன்.

கடைசி மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல். மஞ்சள் மாறி வெள்ளை முளைக்கத் தொடங்கிய பன்னிரண்டு நாள் குஞ்சுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இன்னும் ஏறிக்கொண்டே இருந்தன. மேலே இருப்பவை கத்தின. அடியில் சத்தம் இல்லை.

“மேலிருந்து எடுங்க. வயித்துக்கடியில கையக் குடுத்துத் தூக்குங்க, புடிச்சு இழுக்காதீங்க. அக்கட்டால கொண்டுபோயி உடுங்க.”

மூன்று பேரும் எடுத்தோம். பாறையில் இரும்புக் குழாய் இறக்கிய என் கைக்கு ஒரு குஞ்சைப் பிடிக்கத் தெரியவில்லை. அவள் ஒரு கையில் நான்கு எடுத்தாள், நான் இரண்டு கையில் ஒன்று எடுத்தேன். எடுத்துக்கொண்டே, குஞ்சுகளுக்குக் கேட்காதபடி சின்னக் குரலில் சொன்னாள். அவள் கணவன் லாரியில் ஒடிசா போயிருக்கிறான். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுப்பது, வளர்த்துத் தருவது மட்டும் இவள் வேலை. “போன தாட்டி வெயில்ல நெறையச் செத்துப்போச்சுங்க. இந்தத் தாட்டியும் செத்தா இனி இந்தக் கொட்டாய்க்குக் குஞ்சு எறக்க மாட்டம்னுட்டாங்க. இன்னைக்கு கம்பெனி சூப்பர்வைசர் வாராருங்க.”

குவியல் இறங்க இறங்க, அடியில் இருந்தவை சூடாக, துணி மாதிரி துவண்டு வந்தன. அவற்றை வரிசையாகக் கிடத்தி, சாக்கால் மெல்ல விசிறச் சொன்னாள். விசிறினேன். ஒன்று வாயைத் திறந்தது. இன்னொன்று காலை உதைத்தது. மீதி அப்படியே கிடந்தன. இரண்டு தீவனச் சாக்கு நிறைய வெளியே கொண்டுவந்து வைத்தோம். நான் அந்தச் சாக்குகளுக்குப் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. அவள் பார்த்துவிட்டாள்.

“காசு எதுக்குங்க? இந்தம்மாவுக்கு வளக்கத் தெரியலைன்னு எழுதிப்புட்டா, அத உங்க காசு அழிக்குமுங்ளா?”

நேற்றே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

“சூப்பர்வைசர் வர்ற வரைக்கும் நான் போகல அம்மிணி” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த சூப்பர்வைசர் வந்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. பண்ணைக்கு வரும் மண் ரோட்டு முனையிலேயே பைக்கை ஆஃப் செய்துவிட்டு, அங்கிருந்து தள்ளிக்கொண்டே வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தலை தானாகக் குனிந்தது. அவர் வேலைக்கு வந்த இடத்தில் தள்ளிக்கொண்டு வருகிறார், நான் விளையாட வந்த இடத்தில் ஹாரன் மாட்டிக்கொண்டு வந்தேன்.

சாக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாயைத் திறக்கும் முன் நான் எழுந்து சொன்னேன். பைக் பழகினேன், விழுந்தேன், ஹாரன் அமுங்கி அலறியது, குஞ்சு குமிந்தது, தப்பு முழுக்க என்னுடையது.

அவர் நம்பவில்லை. “ரிக்காரய்யா, உங்களத் தெரியாதவங்க இங்க யாருங்க? இந்தியா பூரா லாரி ஓட்டுனவரு பைக்ல உழுந்தேன்னா நம்ப முடியுங்களா? பாவம் பாத்து இந்தக்காவக் காப்பாத்தறீங்க.”

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பது வருடம் ஊரெல்லாம் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம், அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது. அவள் என்னையே பார்த்தாள். வேட்டியைத் தூக்கித் தோல் உரிந்த காலைக் காட்டினேன். அப்போதும் அவர் முகம் மாறவில்லை. மச்சானைப் பார்த்தார். அவன் வாயைத் திறப்பதற்குள், பையிலிருந்த பழகுநர் லைசென்ஸ் தாளை எடுத்து நீட்டினேன். என் போட்டோ, என் வயது, எல்லாம் அதில் இருந்தது.

“எனக்குப் பைக் ஓட்டத் தெரியாதுங்க தம்பி” என்றேன். இந்த வார்த்தையை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

படித்துப் பார்த்தார். சுவரைத் தாண்டிப் போய், சாய்ந்து கிடந்த வண்டியையும் அந்த ஹாரனையும் பார்த்துவிட்டு வந்தார். வெளியே ஏர் ஹாரன் சத்தம், வளர்ப்பில் குறை இல்லை என்று எழுதி அவளிடமே படித்துக் காட்டினார். அவள் அப்போதுதான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

எதற்குக் கதவைத் தட்டினாய் அம்மிணி என்று கிளம்பும்போது கேட்டேன். “திடீர்னு தொறந்தா இன்னும் பயந்து குமியுமுங்க. வாரது நாந்தான்னு அதுகளுக்குத் தெரியோணுமில்லீங்க” என்றாள். பத்து வருடமாக ஒருநாளும் தட்டாமல் திறந்ததில்லையாம்.

அன்றைக்கே ஹாரனைக் கழற்றச் சொன்னேன். அடுத்த வாரம் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்து ஒட்டிக்கொண்டு சந்தைப்பேட்டை மைதானத்துக்குப் போனேன். போனதும் ஓட்டவில்லை. ஓரத்தில் இருந்த தையல் கடை, மாவு மில், மதியம் அங்கே படுத்துத் தூங்குகிற சுமைக்காரர்கள் எல்லாரிடமும் எந்த நேரத்தில் பழகினால் தொந்தரவு இருக்காது என்று கேட்டேன். மதியம் மட்டும் வேண்டாம் என்றார்கள். டீக்கடையே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. “கால ஊணுங்க, காலு!” என்று என் பழைய சிநேகிதர் கத்தினார். இரண்டு தடவை விழுந்தேன். பதினைந்து நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டேன், அதுவும் அந்த வயதில் வேறு யாராவது கற்றிருந்தால் சொல்லுங்கள்.

தை மாதம் அந்தக் கொட்டகைக்கு அடுத்த குஞ்சு இறங்கியது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். மண் ரோட்டு முனையிலேயே வண்டியை நிறுத்தி, தள்ளிக்கொண்டுதான் போனேன். அவள் சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். தட்டினேன். “கொஞ்சம் பலமுங்க” என்றாள். மறுபடி மெதுவாகத் தட்டினேன்.

இப்போதெல்லாம் என் ரிக் எந்த ஊரில் போய் நின்றாலும், காதைக் கிழிக்கும் கம்ப்ரசரைப் போடும் முன் சுற்றியிருக்கிற வீடுகளுக்கு ஆள் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்பது என் உத்தரவு. ஒரு ஊரில் கன்று போட்ட மாடு இருந்தது, இன்னொரு ஊரில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பெரியவர் இருந்தார். இதற்கு முன்னால் நான் துளை போட்ட அத்தனை ஊரிலும் யார் யார் படுத்திருந்தார்களோ, எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பும் முன் என் கை இன்றைக்கும் ஒரு நொடி நிற்கிறது, அந்த ஒரு நொடி நிற்பதற்கு எனக்கு அறுபத்தோரு வருடமும் இரண்டு சாக்குக் குஞ்சும் தேவைப்பட்டன.