பார்க்காத படத்துக்கு எட்டு மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நானும் மகளும் டிவியில் ஒரு படம் போட்டோம். நடிகர்கள் பெயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் ரிமோட்டை எடுத்து, திரையில் கட்டைவிரல் தூக்கிய கை ஒன்று வருமே, அதை அமுக்கிவிட்டாள். படம் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம்.

“இன்னும் படமே ஆரம்பிக்கலையேடி, அதுக்குள்ள எப்டி புடிச்சிதுன்னு சொல்ற?” என்றேன்.

“எல்லாரும் நல்லாருக்குன்னுதாம்மா சொன்னாங்க” என்றாள்.

ஒன்பது வயது. திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் விளையாட்டாகச் செய்ததை நான் மூன்று வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டு செலியமேட்டில் வீட்டோடு கிடந்த என்னைப் பாகூர் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் சேர்த்துவிட்டார்கள். முதலாளி ரவி அண்ணன். ரீசார்ஜ், சிம் கார்டு, உடைந்த டிஸ்ப்ளே எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். மூலையில் இருந்த கம்ப்யூட்டர் என் பொறுப்பு. மெமரி கார்டில் படம் ஏற்றுவதுதான் அங்கே வேலை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு. அதை ரீடரில் செருகி, கேட்ட படத்தைக் காப்பி செய்து கொடுக்க வேண்டும். அது தப்பு என்று இப்போது தெரிகிறது என்று எழுதலாம். ஆனால் அப்போதே தெரியும். வெள்ளைச் சட்டை போட்ட யாராவது கடைக்குள் வந்தால் ரெய்டுக்கு வந்தவரோ என்று பயந்து ஸ்கிரீனை அணைத்துவிட்டு ஸ்டாக் நோட்டைப் புரட்டுவேன்.

வருகிறவர்கள் கார்டை நீட்டிவிட்டு, “எந்தப் படம்மா நல்லாருக்கு?” என்று கேட்பார்கள். முதல் வாரம் “தெரியலைண்ணா” என்றேன். தெரியாது என்று சொல்கிற பெண்ணிடம் யார் இரண்டாவது தடவை வருவார்கள்? ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் படம் ஏற்றிக்கொண்டு போனவர் மறுநாள் வந்து, “ஃபர்ஸ்ட் ஆஃப் சூப்பரு, கிளைமாக்ஸ் மொக்க” என்பார். அதை அப்படியே அடுத்தவரிடம் என் கருத்தாகச் சொல்வேன். கூடவே ஒரு மார்க். பத்துக்கு ஆறு, பத்துக்கு எட்டு. சும்மா நல்லாருக்கு என்பதைவிட ஏழு என்று சொன்னால் ஜனங்கள் நம்பினார்கள். ஒருநாள் ஏழரை என்று சொன்னேன். அன்று முதல் என் மரியாதையே வேறு.

உண்மையில் நான் பார்த்தது ஒவ்வொரு படத்திலும் மூன்று நிமிடம். காப்பி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஆரம்பத்தில் ஒரு நிமிடம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. சண்டை எப்படி ஆரம்பித்தது என்று தெரியாது, முடிந்ததும் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரியும். இதை வைத்துக்கொண்டு பாகூரில் பாதிப் பேர் என்ன பார்க்க வேண்டும் என்று நான் தீர்மானித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மீன் வாசனை. பக்கத்திலேயே மீன் மார்க்கெட். அங்கே சங்கராவும் கெழுத்தியும் விற்கிற அஞ்சலை அக்கா மணப்பட்டிலிருந்து வருவாள். கூடை காலியானதும் கையைக் கழுவிவிட்டு, கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவாள். செருப்பைக் கழற்றாதீங்க அக்கா என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். முதல் நாள் சுருக்குப்பையிலிருந்து கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது நினைவிருக்கிறது. கார்டிலும் மீன் வாசனை.

“எங்க வூட்டுக்காரு செவ்வாயும் வெள்ளியும் பாண்டிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாருடி. ரெண்டு கிட்னியும் போயிடுச்சி. மெசின்ல நாலு மணி நேரம் போட்டுடறாங்க. கைய ஆட்டக்கூடாது. செவுத்தையே பாத்துக்கினு கெடக்கறாரு. எதுனா நல்ல படமா ஏத்திக் குடு. சிரிக்கற மாதிரி.”

அவர் பெயர் கோதண்டம். அதற்கு முன்பு வலை போடப் போய்க்கொண்டிருந்தவர். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒன்றரைப் படம் என்று கணக்குப் போட்டு வாரத்துக்கு மூன்று படம் ஏற்றிக் கொடுத்தேன். ஊசி குத்தாத கையால் செல்லை நெஞ்சில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு பார்ப்பாராம். அவர் மார்க்கை அக்கா வந்து ஒப்பிப்பாள்.

“நாலுதான் குடுத்தாரு. ஈரோ கடல்ல வுழுந்து ஏறி வராராம், தலமயிரு கலையவே இல்லியாம். அதுக்கே ரெண்டு மார்க்கு கொறச்சிட்டாராம்.”

அவர் மார்க் நேர்மையானது. கடல் வருகிற படமென்றால் யாரும் தப்பிக்க முடியாது. நான் அந்த விமர்சனங்களையும் எடுத்து மற்ற வாடிக்கையாளர்களிடம் என்னுடையதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். “கடல் சீன்ல லாஜிக் இல்லண்ணா” என்று நான் சொன்னதைக் கேட்டு ஒரு போலீஸ்காரரே தலையாட்டியிருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை அக்கா புதுப்படம் ஒன்று கேட்டாள். முந்தின நாள் ஒருவர், “விழுந்து விழுந்து சிரிச்சேம்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் நடுவில் ஒரு நிமிடம் பார்த்தேன். அதில் நாலு பேர் ஒரு ஸ்கூட்டரில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு கல்யாணம்.

“தாராளமா பாக்கச் சொல்லுக்கா. எட்டு” என்றேன்.

சனிக்கிழமை அக்கா வந்தாள். வழக்கம்போல மார்க் சொல்லவில்லை. கார்டை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

“எவ்ளோக்கா குடுத்தாரு?”

“அதுல தம்பிக்காரனுக்கு கிட்னி போயிடுதாமேடி. மெசின்ல போடறாங்களாம். அப்புறம் செத்துப்போயிடறானாம்.”

கார்டைக் கையில் எடுத்தேன்.

“ஆஃப் பண்ணியிருக்கலாமேக்கா” என்றேன். என்ன ஒரு பதில் பாருங்கள்.

“பக்கத்துக் கட்டில்ல இருக்கறவரு ஒரு காதுல ஒயரு மாட்டிக்கினு கூடவே பாத்துனு இருந்தாராம். ஆளுக்கு ஒண்ணு. ஆஃப் பண்ணா அவுரு இன்னா நெனப்பாரு? எழுந்துதான் போவ முடியுமா? ரெண்டு பேரும் கடசி வரைக்கும் பாத்தாங்களாம். அப்புறம் பேசிக்கவே இல்லியாம்.”

ரவி அண்ணன் சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது.

“நான் அந்தப் படத்த பாக்கலக்கா.”

அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். “அப்ப எட்டுன்னு சொன்னியே?”

சிரித்தேன் என்று சொன்னவரை மறுபடி பார்த்தபோது கேட்டேன். இடைவேளையோடு தூங்கிவிட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு நான் முழுப் படமாகப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம். யாரும் சாகாமல் இரண்டரை மணி நேரம் ஓடுகிற தமிழ்ப் படத்தைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம். அப்பா செத்திருப்பார். அவர் உயிரோடிருந்தால் அம்மா மாலை போட்ட போட்டோவில் இருப்பாள். குடும்பமே தப்பித்தது என்று நிம்மதியாக மூச்சுவிட்டால் கடைசியில் நாய் செத்துப்போகும். ஆஸ்பத்திரி வந்தாலே அந்தப் படத்தை நிறுத்திவிடுவேன். “இன்னாமா, சென்சார் போர்டுல வேல கெடச்சிடுச்சா?” என்பார் ரவி அண்ணன். வாரத்துக்கு மூன்று கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

ஒருநாள் கோதண்டமே கடைக்கு வந்தார். அக்காவைக் கூட்டிப் போக வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் உப்பியிருந்தது. இடது முழங்கைக்குக் கீழே, மெஷினுக்காக ஊசி குத்துகிற இடத்தில், நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க மனதுக்குள் நாலைந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

“குந்துமா” என்றார். “படத்த பாக்காம மார்க்கு போட்டுட்டன்னு அழுதியாமே. டாக்டரு கூடத்தான் நல்லாருக்கன்னு சொல்றாரு. அவுரு மட்டும் உள்ள பூந்து பாத்துட்டா சொல்றாரு?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ரவி அண்ணன் டீ வரவழைத்தார். டாக்டர் அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று இரண்டு வாய் மட்டும் குடித்துவிட்டு மீதியை அக்காவிடம் கொடுத்தார்.

அதிலிருந்து அவருடைய மார்க்கெல்லாம் ஒன்பது, பத்து. நான் பூரித்துப்போனேன். முழுசாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதன் பலன் என்று ரவி அண்ணனிடம் பெருமை வேறு. ஒரு வாரம் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. அக்கா திருப்பிக் கொடுத்த கார்டைச் செருகிப் பார்த்தேன். படம் இருபதாவது நிமிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் காப்பியே விழவில்லை. அந்தப் படத்துக்குத்தான் அக்கா சற்று முன்பு, “பத்துக்குப் பத்தாம்டி, கிளைமாக்ஸு ரொம்ப நல்லாருந்துதாம்” என்று சொல்லியிருந்தாள்.

“அக்கா, நெசமா சொல்லு. அவரு படம் பாக்கறாரா?”

அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். “பாக்க எங்க? மெசின்ல போட்டதும் கண்ணு சொருவிக்குது. முந்தி மாதிரி தெம்பு இல்லடி. பஸ்ல வரும்போதே சொல்லி வச்சிடுவாரு. அந்தப் பொண்ணு கேட்டா பத்துன்னு சொல்லு, பாவம், ஒக்காந்து ஒக்காந்து பாத்து குடுக்குதுன்னு.”

நான் தொடர்ந்து ஏற்றிக் கொடுத்தேன். அவளும் தொடர்ந்து பத்து என்றாள். வேறென்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அந்த வருடம் கார்த்திகையில் புயல் வந்தது. தென்பெண்ணையில் தண்ணீர் திறந்துவிட்டதில் பாகூரைச் சுற்றி வயலும் ரோடும் ஒன்றாகிவிட்டன. செலியமேட்டில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அஞ்சலை அக்கா போன் செய்தாள். செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லையாம்.

“கடைக்கு வர்றவங்கள்ள கார் வச்சிருக்கறவங்க யார்னா இருந்தா சொல்லுடி. மூச்சு வாங்கறாருடி. ஆம்புலன்ஸு தண்ணிக்கு அந்தாண்டையே நிக்குது, இங்க வர முடியலன்றான்.”

“படகு இல்லியாக்கா?” என்று கேட்டேன்.

“படகு வாசல்லதான் கட்டியிருக்கு. கடலும் வுட மாட்டேங்குது, ரோடும் வுட மாட்டேங்குது. நான் இன்னாடி பண்ணுவேன்?”

என் போனில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது. ரவி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். ஒருவர் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் என்ஜினுக்குள் தண்ணீர் போய் நின்றுவிட்டாராம். அதைச் சொல்வதற்காக அக்காவைக் கூப்பிட்டபோது, ஒரு ரிங் போனதும் என் போன் அணைந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். மழை கொஞ்சம்கூடக் குறையவில்லை. மூன்று வருடமாக ஊருக்கே இது பார், அது பார் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அன்று ஒருவரிடமும் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்து, அவரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மெஷினில் போட்டார்கள். இரண்டு நாள் இருந்தார். அவ்வளவுதான்.

துக்கத்துக்கு மணப்பட்டுக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் கடைக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். என்னிடம் கார்டை நீட்டி, “சாவு வர்ற படமா ஏத்திக் குடுடி” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“வூட்ல அழ வுட மாட்டேன்றாங்க. பொண்ணு வந்து இருக்கறா. கண்ணுல தண்ணி வந்தாலே, எத்தினி நாளைக்கும்மா அழுவ, ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்னு சத்தம் போடறா. படம் பாத்துனு அழுதா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

எந்தப் படத்தில் யார், எத்தனையாவது நிமிடத்தில் சாகிறார்கள் என்று பாகூரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் அப்போது இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கி வைத்ததிலிருந்து மூன்று எடுத்தேன். ஆஸ்பத்திரி இல்லாததாகப் பார்த்து எடுத்தேன். ஒன்றில் கணவன் லாரி விபத்தில் போய்விடுவான், மனைவி வெகுநேரம் அழுவாள். கார்டைக் கொடுக்கும்போது மார்க் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. “லாரி படம் நல்லாருந்துதுடி” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகும் சில மாதம் வந்தாள். பிறகு பெண்ணோடு காரைக்கால் பக்கம் போய்விட்டதாக மார்க்கெட்டில் சொன்னார்கள். அந்த நம்பரைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது.

அதற்குள் எல்லோர் செல்லிலும் நெட்டில் படம் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. ஏற்றிக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. ரவி அண்ணன் கடையை விட்டுவிட்டு கடலூரில் டெம்போ ஓட்டுகிறார். கல்யாணமாகி வில்லியனூர் வந்தபின் நானும் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. போன மாதம் பஸ்ஸில் கடந்தபோது பார்த்தேன், அந்த இடத்தில் டைல்ஸ் கடை. மீன் மார்க்கெட்டைப் புதிதாகக் கூரை போட்டு வேறு பக்கம் மாற்றியிருக்கிறார்கள். பஸ் ஜன்னலில் மீன் வாசனை வரவில்லை.