கனகசபாபதியின் சீவிய உரித்து

கரண்டியின் விளிம்பைக் கீழுதட்டில் அழுத்தி, வாய் திறக்கும்வரை காத்திருந்து, கஞ்சியை உள்ளே விட்டாள். பாதி வழிந்தது. துடைத்தாள். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.

யோகேஸ்வரி பதினொரு மாதமாக இதைச் செய்கிறாள். கணவர் கனகசபாபதிக்கு எண்பத்திரண்டு வயது. பக்கவாதம் பேச்சையும் வலது பக்கத்தையும் கொண்டுபோய்விட்டது. அவருடைய மூச்சு இருக்கும்வரைதான் இந்த வெள்ளவத்தை வீட்டில் அவளுக்கு இடம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

வீடு அவளுடைய சீதனம். ஆறு வருடங்களுக்கு முன் அதைப் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதியாக, பிரிக்காமல், எழுதிக்கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனையில் உறுதி எழுதும் நொத்தாரிசு வலன்ரைன் பேனாவை நிறுத்திக் கேட்டார். சாகும்வரை வீட்டில் இருக்கிற சீவிய உரித்து ஐயாவுக்கு மட்டுமா, அம்மாவுக்கும் சேர்த்தா? ஐயா இல்லாத காலத்தில் அம்மா எங்கே இருப்பார்?

கனகசபாபதி பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் இல்லாத காலத்தை அவருக்கு முன்னால், குங்குமம் வைத்த நெற்றியோடு, எப்படிச் சொல்வது?

"இவற்ற பேர் மட்டும் காணும். நான் இவருக்குப் பின்னால இருக்கப் போறனே?" என்றாள்.

"சட்டத்துக்குச் சகுனம் தெரியாது, அக்கா," என்றார் வலன்ரைன்.

கனகசபாபதி சிரித்தார். அவர் பெயர் மட்டும் எழுதப்பட்டது.

பக்கவாதம் வந்த மாதம் அவள் பஸ் ஏறித் திரும்பவும் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். வலன்ரைன் அவளுக்கும் உரித்துக் கொடுக்கும் பேப்பர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும், ஒருவர் மட்டும் போட்டால் பாதி வீட்டுக்குத்தான் செல்லும் என்றார்.

மகள் சாம்பவி ஹெந்தளையில் இருக்கிறாள். பேப்பரை இரண்டு தரம் வாசித்தாள்.

"தம்பி போடட்டும், நானும் போடுறன். நான் மட்டும் விசரியாகக் கூடாதெல்லோ."

மகன் கஜேந்திரன் ரொறொன்ரோவில். அக்கா போட்டால் தானும் போடுவதாகச் சொன்னான்.

ஒழுங்கையில் இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. கட்டடக்காரர் இந்த வீட்டு வளவையும் விலைக்குக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் அதை அவளிடம் சொல்லவில்லை. அளவுநாடாவோடு வந்த ஆள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான். ஒருவரும் கையெழுத்துப் போடாத பேப்பர் மருந்துப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கஜேந்திரன் அழைத்து அப்பா எப்படி என்று கேட்பான். அவள் போனை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"இருக்கிறார். அவசரப்படாதை ராசா."

அன்று பின்னேரம் சாம்பவி வந்திருந்தாள். கதவருகில் நின்று பார்த்தாள்.

"அவர் விழுங்கிறாரில்லை, அம்மா. ஏன் திணிக்கிறியள்? விடுங்கோவன்."

"விட்டால் நான் எங்க போறது?"

 சாம்பவி, ஹெந்தளை வீட்டில் ஏற்கெனவே மாமியோடு சேர்த்து ஆறு பேர் என்றாள்.

யோகேஸ்வரி கரண்டியை நிறைத்தாள். வழக்கமாக அரைக் கரண்டிதான் விடுவாள். தொண்டையைப் பார்க்கவில்லை. அவர் ஒருமுறை இருமினார். இன்னொரு முறை இரும முயன்றார். இருவரும் அவரை நிமிர்த்தி முதுகில் தட்டினார்கள். உதடு நீலமாகியது. அம்புலன்ஸ் வந்தபோது அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். வந்தவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

மறுநாள் காலை கிராம சேவகர் மரணத்தை உறுதிப்படுத்திக் கடிதம் தந்தார். பதிவாளர் அலுவலகத்தில் மரணத்தை அறிவிப்பவர் யார் என்று கேட்டார்கள். யோகேஸ்வரி, மனைவி என்று எழுதி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மரணச் சான்றிதழில் கஜேந்திரன் ஆறு பிரதி எடுக்கச் சொல்லியிருந்தான். எடுத்தார்கள். மூன்று மணிக்கு உடலைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டில் நின்றார்கள். சாம்பவி அறையைக் கழுவினாள். மருந்துப் பெட்டியைத் தூக்கி, அடியில் கிடந்த பேப்பரை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். யோகேஸ்வரி முந்திய நாள் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.