செரீன் போதும் என்றேன்

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்த பெண்ணைக் கவனக்குறைவானவள் என்று ஆய்வுக்குழுவிடம் சொன்னேன். தவறு என்னுடையது. அவள் பட்டம் வாங்காமலே சொந்த ஊரான சூரியநெல்லிக்குத் திரும்பிப் போனாள்.

டி.என்.ஏ. உடைந்தால் செல்லுக்குள் சில புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏறும். அந்த அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் பகுதிகள் வேறு புரதங்களில் உண்டு. பழுதுபார்க்கும் கூட்டம் அப்படித்தான் சேர்கிறது. நாங்கள் ஆராய்ந்த பகுதிக்கு எஃப்.எச்.ஏ. என்று பெயர். த்ரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மேல் பாஸ்பேட் இருந்தால் பற்றும். அதன் பங்காளி போன்ற செரீன் மேல் இருந்தால் ஏறெடுத்தும் பார்க்காது. இரண்டுக்கும் வித்தியாசம் மீத்தைல் என்ற ஒரே ஒரு சின்ன அணுக்கூட்டம். படித்திருந்தும் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் சோதனைக்குக் கேட்டிருந்த, பாஸ்பேட் ஏறிய த்ரியோனின் உள்ள புரதத் துண்டு வந்து சேரவில்லை. ஃப்ரீசரில் கிடந்த செரீன் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

“இது போறும்மா. பாஸ்பேட் இருக்கோன்னோ, பிடிச்சுக்கும்.”

“மாப்பிள்ளைய மாத்திட்டு அதே சட்டையப் போட்டு அனுப்புனா பொண்ணு ஒத்துக்குமா சார்?” என்று சிரித்தாள்.

மூன்று மாதம் எதுவும் ஒட்டவில்லை. “நீ கழுவறச்சே எல்லாம் அடிச்சுண்டு போயிடறது” என்றேன். குழுவிடமும் அதையே சொன்னேன்.

அவள் போன பிறகு த்ரியோனின் துண்டு வந்தது. முதல் நாளே ஒட்டியது. ஒட்டியது அவள் தயாரித்து வைத்திருந்த அதே எஃப்.எச்.ஏ. புரதத்தோடுதான். அதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரை நான் போடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், அவள் வேதியியல் சொல்லித்தரும் பள்ளிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் சாக்பீஸோடு நின்றபடியே கேட்டாள்.

“கொறை சொன்னப்ப எட்டுப் பேரு இருந்தாங்க. இப்ப எங்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்றீங்களாக்கும்?” என்றாள். உடனே, “சாப்ட்டீங்களா சார்?” என்றும் கேட்டாள்.

அந்த எட்டுப் பேருக்கும் எழுதினேன். கட்டுரை வெளியான இதழுக்கும் எழுதினேன், அவர்கள் போட்ட திருத்தத்தில் அவள் பெயர் முதலில் வந்தது. பல்கலைக்கழகம் அவளை முனைவர் பட்டத்துக்கு மறுபடி பதிவு செய்துகொள்ளச் சம்மதித்தது. கூட இருந்து உதவலாம் என்று ஆசையாகப் போன் செய்தேன்.

“வழிகாட்டிக்கு வேற ஆளப் பாத்துட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க.”

“கோபமெல்லாம் இல்லைம்மா.”

“ஆனா சந்தேகம் வந்தா ஒங்களத்தான் கேப்பேன்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன்.